ஈசிஎம்: மூளையா, போர்டா, பொறிக்கணினியா?

"மூளை போயிருச்சுண்ணே. வண்டி இனி நகராதுங்கறாங்க."

சித்தப்பா மகன் விடியற்காலை நாலரைக்குப் போன் போட்டுச் சொன்னது இது. போனது அவனுடைய பிக்கப் வண்டியின் ஈசிஎம், அதாவது எஞ்சினை ஏவும் மின்னணுப் பெட்டி. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டி அது. முந்தின வாரம் பின்பக்கக் கூண்டில் விட்டுப்போன கம்பிகளுக்கு வெல்டிங் வைத்திருந்தார்கள், பேட்டரி வயரைக் கழற்றாமல். அதன்பிறகு இரண்டு நாள் ஸ்டார்ட் ஆவதும் மக்கர் பண்ணுவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. கோளாறு படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் எஞ்சின் பக்கமிருந்து பதிலே இல்லை.

அந்தப் பெட்டியை மாற்றி முடிக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் அதற்கு எத்தனை பெயர் கேட்டேன்! ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஈசிஎம், ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு ஈசியூ, எலெக்ட்ரீஷியனுக்குப் போர்டு, ஓட்டுநர்களுக்கு மூளை, சித்தப்பாவுக்கு "அந்தக் கம்ப்யூட்டர் டப்பா".

ஈசிஎம் என்பது எஞ்சின் கண்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கம். ஈசியூவில் கடைசிச் சொல் யூனிட். முதலில் இரண்டும் ஒரே பொருளில்தான் புழங்கின. பின்னால் பிரேக்குக்கு ஒரு பெட்டி, கியருக்கு ஒன்று, கதவுப் பூட்டுக்கு ஒன்று என்று பெருகியதும், ஈசியூ என்பது வண்டியில் உள்ள எந்த மின்னணுப் பெட்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. எஞ்சினுடையதை மட்டும் குறிக்க ஈசிஎம் நின்றது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே1930 சொற்பட்டியலும் இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே கடையில் போய் "ஈசியூ குடுங்க" என்றால் "எந்த ஈசியூ?" என்று அவர் திருப்பிக் கேட்பது நியாயம்தான்.

இதற்குத் தமிழ் என்ன? எஞ்சினிலிருந்தே தொடங்குவோம்.

லத்தீனில் இங்கேனியம் என்றால் பிறவியிலேயே வாய்த்த புத்தி. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது சூழ்ச்சி, தந்திரம், பிறகு தந்திரமாகச் செய்த கருவி, கண்ணி என்றெல்லாம் பொருள் கொண்டது. விலங்கு பிடிக்கும் கண்ணியையும் ஒரு காலத்தில் எஞ்சின் என்றார்கள். நம் சொல்லும் இதே வழியில் நடந்திருப்பதுதான் வேடிக்கை. எலிப்பொறியில் இருக்கிற பொறிதான் பொறியியலிலும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதில்மேல் இருந்த கருவிகளின் வரிசையில் 'வளைவிற் பொறி' வருகிறது. தானே வளைந்து அம்பெய்யும் வில் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள்.

எந்திரம் என்ற சொல்லும் பழையதே. கரும்பு ஆட்டும் ஆலை யானைக்கு எதிராகப் பிளிறியது என்று ஐங்குறுநூற்றில் ஒரு பாட்டு சொல்கிறது. அங்கே அதன் பெயர் 'கரும்பின் எந்திரம்'. யந்திரம் என்ற வடசொல்லின் வடிவம் என்பார் ஒரு சாரார், தமிழே என்று வாதிடுவார் இன்னொரு சாரார். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குப் பொறி வேண்டும், அதற்குக் காரணம் வேறு. பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது கண்ட்ரோல். இதன் வேர் ஒரு கணக்குச் சுருள். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கணக்கு ஏட்டுக்கு எதிராக இன்னொரு படி எழுதி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தப்பைப் பிடிப்பார்கள். எதிர்ச்சுருள் என்பதுதான் சொல்லுக்கு நேர்ப்பொருள். நாம் எழுதுவதோ கட்டுப்பாடு. எனக்கு இதில் ஒரு நெருடல். கட்டுப்படுவது கட்டுப்பாடு, ஊர்க்கட்டுப்பாடு, நாக்குக்குக் கட்டுப்பாடு என்று அடங்கியிருக்கும் பக்கத்தைச் சொல்வது. ஈசிஎம் எதையும் அடக்கி வைப்பதில்லை. கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது, ரெயில் எனும் பொதுக்குழாயில் டீசல் அழுத்தம் எவ்வளவு, உள்ளே போகும் காற்று எவ்வளவு, ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்று சென்சார்களிடம் கேட்டு, தன்னிடம் எழுதி வைத்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு, டீசலைப் பீய்ச்சும் எந்த இன்ஜெக்டரை எப்போது, எத்தனை நேரம் திறக்க வேண்டும் என்று ஏவுகிறது. யோசித்தால், அந்தப் பழைய எதிர்ச்சுருள் வேலை இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிஎம்டபிள்யூ 801 விமான எஞ்சினில் எரிபொருள் கலவை, பற்றவைக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரே நெம்புகோலுக்குக் கீழே கொண்டுவந்த ஒரு கருவி இருந்தது. மின்னணு கிடையாது, எண்ணெய் அழுத்தத்திலும் பல்சக்கரத்திலும் ஓடியது. ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த பெயர் கோமாண்டோகெராட், கட்டளைக் கருவி. அது நேர்மையான பெயர்.

மின்னணுப் பெட்டி வந்தது பிறகு. 1967இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வோக்ஸ்வாகன் 1600 காரில் பெட்ரோலின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டது. 1979இல் அதே நிறுவனத்தின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் எரிபொருளையும் தீப்பொறியையும் சேர்த்து ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் அடக்கியது. நம் ஊர் டீசல் பிக்கப்புகள் நெடுங்காலம் இது எதுவும் இல்லாமல் எந்திரப் பம்பிலேயே ஓடின. கோளாறு என்றால் பம்பு பார்க்கிறவரிடம் போனால் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபின் புதிதாக வாங்கும் டீசல் பிக்கப்பில் ஈசிஎம் இல்லாமல் புகைக் கணக்கு தேறாது.

மாட்யூல், யூனிட் இரண்டுக்கும் அலகு என்று எழுதுகிறோம். எந்தக் குழு இதை முதலில் வைத்ததோ, நல்ல வேலை செய்திருக்கிறது. மாட்யூலின் வேர் மோடுலுஸ், சிற்றளவை. அலகு என்றாலும் அளவுதான். கம்பர் இறைவனை 'அலகிலா விளையாட்டுடையார்' என்றது அளவில்லாத விளையாட்டை. பறவையின் மூக்கும், முருகனுக்குக் குத்துவதும் அலகுதான் என்பதால் மெக்கானிக் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

இப்படிக் கூட்டினால் 'பொறிக் கட்டுப்பாட்டு அலகு' கிடைக்கிறது. பாடநூலுக்குச் சரி. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் என் தேர்வு: எந்த ஈசியூவுக்கும் பொதுவாக மின்னணு அலகு, ஈசிஎம்முக்குப் பொறிக்கணினி. கணிப்பொறியைத் திருப்பிப் போட்டது போல இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், அதனாலேயே மறக்காது.

மூளை என்ற பேச்சுவழக்கை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மூளை போச்சு என்று கேட்டதும் உரிமையாளர் கையைத் தூக்கிவிடுகிறார், புதுப் பெட்டிக்கு முன்பணம் போய்விடுகிறது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் மூடியைக்கூடத் திறக்காமல் சொன்ன வார்த்தை அது. எங்கள் எலெக்ட்ரீஷியன் போர்டு என்றே சொன்னார், போர்டு என்றால் சோதித்துப் பார்க்கலாம். மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் பார்த்தார். பிறகு சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட்டை மீட்டரில் வைத்தார். வரவில்லை. "ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் இது விழுந்துரும்ணே, போர்டைக் குத்தம் சொல்லப்படாது" என்று ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றினார்.

நான் பொறியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்ற குறளில் பொறி என்றால் கண், காது முதலிய புலன். சென்சாருக்கு உணரி என்று தனிச்சொல் இருக்கிறது. ஆனாலும் எஞ்சினும் பொறி, அதற்குச் சேதி சொல்லும் புலனும் பொறி என்று ஒரே சொல் இரண்டையும் பிடித்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லா சாக்கெட்டும் கழன்றபின்னும் 5 வோல்ட் வரவில்லை. அப்போதுதான் பெட்டியைத் திறந்தார். பூச்சுக்கு அடியில் கடுகளவு கருப்பு, மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாசனை. வெல்டிங் கரண்டின் வேலை. அதுவும் ஒரு பொறி.

அதே பார்ட் நம்பரில் பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மாட்டி, சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் சாவி விளக்கு சிமிட்டுகிறது, எஞ்சின் அசையவில்லை. பெட்டி நல்ல பெட்டிதான், ஆனால் இந்தச் சாவியை அதற்குத் தெரியாது. திருட்டுத் தடுப்புக்காகச் சாவிக்குள் இருக்கும் சில்லின் (சிப்) அடையாளம் பெட்டிக்குள்ளும் இருக்க வேண்டும். வண்டியின் சேஸிஸ் எண்ணும், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அடித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடும்கூட அதில் ஏற வேண்டும். இன்ஜெக்டர் ஒன்றுக்கொன்று மயிரிழை மாறுபடும். குறியீடு தப்பினால் ஓட்டம் உதறும். பட்டறையில் இந்த வேலைக்குக் கோடிங் போடுவது என்பார்கள், சாவி மட்டும் என்றால் கீ மேட்ச்.

இதற்கும் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. பொறித்தல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் மூட்டைகளைப் 'புலி பொறித்துப் புறம் போக்கி'னார்கள். சோழனின் புலி முத்திரை விழாத மூட்டை வெளியே நகராது. பொறிக்காத ஈசிஎம் இருக்கிற வண்டியும் அப்படித்தான்.

எலெக்ட்ரீஷியன் கருகிய பெட்டியின் நினைவகச் சில்லை மட்டும் சூடு காட்டி எடுத்து, அதில் இருந்ததை லேப்டாப்பில் படித்து, புதிதாக வந்த பெட்டியில் ஏற்றினார். நல்லவேளை, அந்தச் சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாவியைத் திருப்பினான் தம்பி. இரண்டாவது சுற்றில் பிடித்தது.

கருகிய பெட்டியை அவர் தூக்கிப் போடவில்லை. மார்க்கரால் அதன் முதுகில் வண்டி நம்பரை எழுதி, பக்கத்தில் "வெல்டிங்" என்று ஒரு வார்த்தை போட்டு, மேல்தட்டில் இருந்த மற்ற பெட்டிகளோடு அடுக்கினார். அங்கே இருந்தவற்றில் இன்னும் இரண்டில் அதே வார்த்தை இருந்தது.