பாரசீக விலங்குத்தலைக் காப்பு: துலக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"2,500 ஆண்டு பழைய பாரசீகக் காப்பு" என்று சொல்லிப் பரிசோதனைக்கு வரும் நகைகளில் பல, வரும்போதே பளிச்சென்று துலக்கப்பட்டிருக்கும். பாதிச் சாட்சி அதிலேயே போய்விடும். தங்கத்தின் மாற்று (தூய்மை அளவு) வயதைச் சொல்லாது. வயதைச் சொல்ல வேண்டியவை கம்பி, பற்றவைப்பு, கண்ணாடி, குழிகளில் ஒட்டிய மண்.

பாரசீகப் பேரரசை ஆண்ட அக்கெமெனியர் காலக் காப்பு (கி.மு. 6–4ஆம் நூற்றாண்டு) பொதுவாக மூடிய வளையம் அல்ல. திறந்த இரு முனைகளிலும் சிங்கம், ஆட்டுக்கடா, வாத்து என்று ஏதாவது ஒரு தலை எதிரெதிரே இருக்கும். பல காப்புகளில் பின்புறம் சற்று உள்வாங்கி வளைந்திருக்கும். விலங்கின் உடலில் பதிப்புக்கான குழிகள் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் ஒவ்வொன்றாகப் பிரிந்திருக்கும் ஆக்சஸ் புதையலின் (மத்திய ஆசியாவின் ஆக்சஸ் ஆற்றுப் பகுதியில் கிடைத்த அக்கெமெனியர் காலப் பொருள்கள்) ஜோடிக் காப்புகளில் அந்தக் குழிகள் பெரும்பாலும் காலி. 1901இல் ஈரானின் சூசாவில் கிடைத்து இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள கல்லறை நகைகளிலோ நீல நிறக் கற்கள் (லாபிஸ் லசூலி, டர்க்காய்ஸ்) நிறையவே எஞ்சியிருக்கின்றன. கல்லையும் கண்ணாடியையும் வெட்டிப் பதித்த வேலை இது. குழியின் விளிம்பில் எனாமல் (சூட்டில் உருக்கி ஒட்டும் கண்ணாடிப் பூச்சு) உருகி ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். காலிக் குழி விலையைக் குறைக்கும் என்று விற்பவர்களே நிரப்பிவிடுவதும் உண்டு.

அடுத்து கம்பி. 20 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் போதும். தகட்டை முறுக்கி உருட்டிய பழைய கம்பியில் திருகாணிபோலச் சுற்றி ஓடும் கோடு தெரியும். நீளவாக்கில் இணைகோடுகள் இருந்தால் துளைத் தகட்டில் இழுத்த கம்பி. அது பல நூற்றாண்டு பிந்திய முறை. பற்றவைத்த இடத்தில் காட்மியம் கிடைத்தால், நகைக்கடைகளில் 'கேடிஎம்' என்று நாம் அறிந்த நவீனப் பொடிதான் அது. ஆனால் பழுதுபார்த்த இடத்தை மட்டும் சோதித்துவிட்டு முழு நகையும் போலி என்று எழுதிவிடக் கூடாது. குறைந்தது மூன்று இணைப்புகளைப் பாருங்கள். தங்கத்தில் கடினமான வெள்ளி நிறப் புள்ளிகள் (ஆஸ்மியம், இரிடியம், ருத்தீனியம்) தென்பட்டால் ஆற்றுமணல் தங்கமாக இருக்கலாம். பழைமைக்கு அது மட்டும் சான்றாகாது.

கண்ணாடியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மண்ணின் ஈரம் கண்ணாடியிலுள்ள சோடியத்தை மெல்ல வெளியே இழுக்க, மேல்பரப்பு வானவில் நிறம் காட்டும் மெல்லிய ஏடுகளாகப் பிரிகிறது. அந்த ஏட்டை அழுக்கென்று நினைத்துத் தேய்த்தால் கண்ணாடியே உரிந்து வரும். அல்ட்ராசோனிக் தொட்டி, எலுமிச்சை, வினிகர், அம்மோனியா எதுவும் வேண்டாம். தொட்டியின் அதிர்வில் பதிப்பும் அதன் அடியிலுள்ள பசையும் சேர்ந்தே கழன்றுவிடும். எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி இந்தச் சிதைந்த மேற்பரப்பைத்தான் படிக்கும், சோடியத்தையோ காணவே காணாது. கண்ணாடியில் ஆன்டிமனி இருந்தால் அக்காலத்துக்குப் பொருந்தும். காட்மியம்–செலினியம் சிவப்பு நவீனமானது.

எடையை 0.01 கிராம் வரை குறித்து, உட்புறத்தையும் இணைப்புகளையும் நுண்ணோக்கியில் படமெடுத்து வையுங்கள்; யாராவது நகையை மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க அது உதவும். பாரசீக ஆட்சிக்கால லிடியாவின் (இன்றைய மேற்குத் துருக்கி) தங்கக் கடற்குதிரை ஊசி 1993இல் நியூயார்க்கிலிருந்து துருக்கிக்குத் திரும்பியது. உஷாக் அருங்காட்சியகத்தில் அதை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள் என்பது 2006இல்தான் வெளிவந்தது. அசல் மீண்டது 2013இல். வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, 1970க்கு (கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த ஆண்டு) முன்பே அந்த நகை அது தோண்டியெடுக்கப்பட்ட நாட்டுக்கு வெளியே இருந்ததைக் காட்டும் ஆவணம். அது இல்லையென்றால் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம், நகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.