குழலுக்குள் பருமன், காற்றில் ஒல்லி

அமேசான் காட்டுப் பழங்குடிகள் ஊதுகுழலில் எய்யும் அம்பு தென்னை ஈர்க்கு மாதிரி மெல்லியது. அப்படியே போட்டு ஊதினால் மூச்சு முழுக்க ஓரமாகத் தப்பிவிடும். அதனால் பின்முனையில் இலவம்பஞ்சைச் சுற்றுகிறார்கள், நம் வீட்டுத் தலையணைக்குள் இருக்கிற அதே பஞ்சு. அது குழலை அடைத்துக்கொள்ள, ஊதுகிற காற்று மொத்தமும் அம்பைத் தள்ளும்.

1977இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் கொண்டுவந்த 'ஆக்சிலரேட்டர்' தோட்டாவிலும் இதே யோசனைதான். பஞ்சுக்குப் பதில் பிளாஸ்டிக்.

அங்கே மான் வேட்டைக்காரர்களிடம் சர்வசாதாரணமாகப் புழங்குவது .30-06 ரைஃபிள். அதன் குண்டு 7.8 மி.மீ. விட்டம், வழக்கமாக 180 கிரெயின், அதாவது 11.7 கிராம். மானுக்குச் சரி. வயலைக் குடைந்து பாழாக்கும், அணில் குடும்பத்து கிரவுண்ட்ஹாக்குக்கு அது ரொம்ப அதிகம். அதற்கென்று இன்னொரு துப்பாக்கி வாங்காமல் சமாளிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆக்சிலரேட்டரின் பித்தளைக் கூடு வழக்கமானதுதான். அதன் வாயில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், ஆறு விரல்களாகக் கீறப்பட்டது. விரல்களுக்கு நடுவே 5.7 மி.மீ. விட்டமுள்ள, 3.6 கிராம் எடையுள்ள சின்னக் குண்டு. கிண்ணத்தின் எடை அரை கிராம்கூட இல்லை. இதற்கு சபோ என்று பெயர். பிரெஞ்சில் மரச்செருப்பு என்று அர்த்தம்.

கூட்டிலுள்ள வெடிமருந்து எரிந்து வரும் வாயு தள்ளும் பரப்பு குறையவில்லை, தள்ளப்படும் எடை மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வழக்கமான குண்டு விநாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்றால், இது 1,240 மீட்டரில் பறக்கிறது. எடை இவ்வளவு குறைந்தும் வேகம் ஒன்றரை மடங்குதானா? ஆமாம். ஆற்றல் மாறாவிட்டாலும் வேகம் வர்க்கமூலக் கணக்கில்தான் ஏறும். போதாததற்கு, எரிந்த மருந்தின் வாயுவும் குண்டின் பின்னாலேயே ஓட வேண்டும். இங்கே அந்த மருந்தின் எடையே ஏறக்குறைய குண்டின் எடை. ஆற்றலில் கணிசமான பங்கை வாயுவே தின்றுவிடுகிறது.

சரி, 7.8 மி.மீ. குண்டையே எடை குறைத்துச் செய்தால் என்ன? குட்டையான பொத்தான் மாதிரி ஆகிவிடும், காற்று சீக்கிரமே பிடித்து நிறுத்திவிடும். குழலுக்குள் அகலம் வேண்டும், வெளியே வந்ததும் அதுவே இடைஞ்சல். அதனால்தான் கழற்றிப் போடக்கூடிய செருப்பு.

கழற்றுவது யார்? சுழற்சி. குண்டைச் சுழற்றிவிடக் குழலின் உட்சுவரில் திருகாணி மாதிரி வெட்டிய பள்ளங்கள்தான் திருகுவரிகள். இந்தக் குழலில் அவை பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் வெளியேறும்போது விநாடிக்கு ஏறத்தாழ 4,900 சுற்று. குழல்வாயைத் தாண்டியதும் பிடிமானம் போக, ஆறு விரல்களும் வெளிப்பக்கம் விரிகின்றன. விரிந்த கிண்ணத்தைக் காற்று, எதிர்க்காற்றில் மாட்டிய குடையைப் போல, பின்னால் இழுத்துவிடும். குண்டு தனியாகப் போகிறது.

வம்பும் இங்கேதான். ஒரு விரல் ஒரு கணம் பிந்தினாலும் குண்டை இடித்துவிடும். அதைவிட மோசம், பிளாஸ்டிக்குக்குள் குண்டு துல்லியமாக நடுவில் உட்காராமல் போவது. சுழற்சி மையத்திலிருந்து 0.02 மி.மீ. விலகியிருப்பதாக வையுங்கள், தலைமுடிக் கனத்தில் கால்வாசி. 4,900 சுற்றில் அது பக்கவாட்டில் விநாடிக்கு 60 செ.மீ. வேகமாகிறது. 100 மீட்டர் போக விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனாலும் அதற்குள் 5 செ.மீ. தள்ளிப் போய்விடும். அதுவும் ஒவ்வொரு தோட்டாவிலும் ஒவ்வொரு திசையில். எட்டத்தில் கிரவுண்ட்ஹாக்கின் தலையைக் குறிவைப்பவருக்கு இது பெரிய பிழை. போதாக்குறைக்கு, மான் தோட்டாவுக்குச் சரிசெய்த தொலைநோக்கியை இதற்காகத் திரும்பத் திருக வேண்டும். ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலை என்ற ஆசை அங்கேயே பாதி செத்துவிடுகிறது என்பேன். அந்தத் தோட்டா பிற்பாடு கடைகளிலிருந்து மறைந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சபோ மறையவில்லை. 1944இலேயே பிரிட்டிஷ் ஆறு-பவுண்டர் பீரங்கி அதைப் பயன்படுத்தியது. இன்றைய டாங்கிகளில் அது கழன்றதும் வெளிப்படுவது, வாலில் சிறகு வைத்த நீளமான உலோகக் கம்பி. ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியின் குழலில் திருகுவரிகள் உண்டு. ஆனால் இந்தக் கம்பி அதிகம் சுழன்றுவிடக் கூடாது. அதற்காகச் சபோவைச் சுற்றி வழுக்கும் வளையம் ஒன்று மாட்டியிருப்பார்கள். திருகுவரிகள் வளையத்தைத்தான் சுற்றும். கம்பியை நேராகப் பிடித்துவைப்பது சிறகுகள், அம்பில் இறகு செய்கிற அதே வேலை.