தோட்டத்து டெலிபோன் லைனில் குரல் எங்கே கரைகிறது?

தோட்டப்புறப் பட்டணங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெரும்பாலும் கடைத்தெருவை ஒட்டித்தான் இருக்கும். பேச வேண்டியவர்களோ செம்பனைக்கும் ரப்பருக்கும் அப்பால் இருப்பார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கமோ, இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கமோ, தோட்ட ஆபீசுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே சில கிலோமீட்டர் செப்புக் கம்பி மண்ணுக்குள்ளும் கம்பத்திலுமாக ஓடும். "அந்தப் பக்கம் பேசறது சரியா கேக்கலைங்க" என்று ஆபீஸ் கிராணி புகார் கொடுப்பார். புகார் உண்மைதான். ஆனால் எவ்வளவு கேட்கவில்லை, குரல் வழியில் எங்கே தொலைகிறது என்பதைக் காதால் சொல்ல முடியாது. அதற்காகவே லைன்காரர்கள் தூக்கிவரும் கருவிதான் லெவல் மீட்டர். டெலிபோன் லைனில் குரலின் அளவை அளக்கும் கையடக்கச் சோதனைப் பெட்டி அது.

பெட்டிக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அனுப்பும் பகுதி. சீரான ஒரே தொனியை, குறிப்பிட்ட அளவில், லைனுக்குள் விடும். இன்னொன்று வாங்கும் பகுதி. வந்து சேர்ந்த தொனி எவ்வளவு என்று காட்டும். பழைய பெட்டிகளில் முள், புதியவற்றில் எண். எக்ஸ்சேஞ்சில் ஒருவர், தோட்டத்தில் ஒருவர், ஆளுக்கொரு பெட்டி. அனுப்பியதிலிருந்து வந்ததைக் கழித்தால் லைன் விழுங்கியது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அளவுகோல் டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபெல் கணக்கு. அதன் பூஜ்ஜியம் என்பது ஒரு மில்லிவாட் சக்தி. டெலிபோன் உலகில் வழக்கமான 600 ஓம் தடையில் அது 0.775 வோல்ட்டாக வரும். மீட்டர் உண்மையில் அளப்பது வோல்ட்டைத்தான். 600 ஓம் என்று நம்பிக்கொண்டு அதை டிபிஎம் ஆக்கிக் காட்டுகிறது. இந்த நம்பிக்கை பொய்த்தால் எண்ணும் பொய்க்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஏன் நேராக மில்லிவாட்டிலேயே சொல்லக்கூடாது? மலைச்சரிவில் மரம் சீவிவிட்டுப் பால் வாளியோடு இறங்கி வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வாளியில் இருப்பதில் பாதி சிந்துகிறது என்றால், மூன்று திருப்பம் கடந்து ஸ்டோருக்கு வரும்போது எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். கம்பியில் குரலும் இப்படித்தான் குறைகிறது: ஒவ்வொரு கிலோமீட்டரும் தனக்கு வந்ததில் ஒரு பங்கைத் தின்றுவிடும். டெசிபெல் கணக்கில் பாதியாவது என்றால் ஏறக்குறைய 3 இழப்பு. மூன்று தடவை பாதியானால் 9. பத்தில் ஒன்றானால் 10, நூறில் ஒன்றானால் 20. பெருக்கலும் வகுத்தலும் கூட்டல் கழித்தலாகிவிடுகின்றன. மழையில் கம்பத்தடியில் நிற்பவருக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்! டெசிபெல் வருவதற்கு முன் அமெரிக்கப் பொறியாளர்கள் இழப்பை "இத்தனை மைல் ஸ்டாண்டர்ட் கேபிள்" என்று சொல்லிவந்தார்கள். ஒரு மைலின் இழப்பு தொனிக்குத் தொனி மாறியதால் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. 1920களில் பெல் நிறுவனப் பொறியாளர்கள் புதிய அலகைக் கொண்டுவந்து, அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அனுப்பும் தொனி வழக்கமாக 1020 ஹெர்ட்ஸ். முழுசாக 1000 என்று வைக்காததற்குக் காரணம் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச். அது குரலை விநாடிக்கு 8000 முறை மாதிரி எடுக்கிறது. சரியாக 1000 ஹெர்ட்ஸ் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அதே எட்டு இடங்களில்தான் மாதிரி விழும். மற்ற அளவுகள் சோதனைக்கே வராது. 20 ஹெர்ட்ஸ் தள்ளிவைத்தால் அந்த இடங்கள் நகர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் இதே காரணத்துக்காக 1004 வைத்தார்கள்.

இனி, இணைப்பது. லெவல் மீட்டரில் தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். எக்ஸ்சேஞ்ச் லைனில் எப்போதும் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். போனை எடுத்ததும் அந்த மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. அதை வைத்துத்தான் 'ஆள் எடுத்துவிட்டார்' என்று எக்ஸ்சேஞ்ச் அறிகிறது. சோதனைக்காக ஒரு நம்பரைக் கூப்பிட்டுவிட்டு, போனைக் கழற்றி மீட்டரை மாட்டினால் மின்சாரம் நின்று இணைப்பு அறுந்துவிடும். பெட்டியில் 'ஹோல்ட்' என்ற சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். அதைப் போட்டால் உள்ளே ஒரு கம்பிச்சுருள் லைனோடு சேர்ந்துகொள்ளும். நேர்மின்சாரத்துக்கு அது திறந்த பாதை. குரல் போன்ற மாறுமின்சாரத்தை அது அண்டவிடாது. மீட்டருக்கு முன்னாலோ ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது குரலை உள்ளே விட்டு 48 வோல்ட்டை வெளியே நிறுத்தும். ஒரே ஜோடிக் கம்பியில் வரும் இரண்டையும் இவ்வளவு எளிதாகப் பிரித்து அனுப்புவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அடுத்த சுவிட்ச்: 'டெர்ம்' அல்லது 'பிரிட்ஜ்'. டெர்மில் வைத்தால் மீட்டரே 600 ஓம் தடையாகி லைனின் கடைசி முனையாக நிற்கும். பிரிட்ஜில் வைத்தால் மிகப் பெரிய தடையோடு ஓரமாக நின்று பார்க்கும். யாரோ பேசிக்கொண்டிருக்கும் லைனை இடைஞ்சல் இல்லாமல் அளக்க அதுதான் வழி. இரண்டையும் மாற்றிப் போட்டால் நல்ல லைனும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் நல்லதாகத் தெரியும். முனையில் ஏற்கெனவே 600 ஓம் இருக்கும்போது மீட்டரையும் டெர்மில் வைத்தால், இரண்டும் சேர்ந்து 300 ஓமாகி அளவு 3.5 டெசிபெல் குறையும். முனையில் ஒன்றுமே இல்லாமல் பிரிட்ஜில் வைத்தால் வோல்ட் இரட்டிப்பாகி 6 டெசிபெல் கூடுதலாகக் காட்டும். முதலாவது இல்லாத கோளாறைக் காட்டும், இரண்டாவது இல்லாத ஆரோக்கியத்தைக் காட்டும். அளக்கும்போது பெட்டியும் லைனின் ஒரு பாகமாகிவிடுகிறது என்பதை மனதில் வைக்காமல் எண்ணைப் படித்துப் பயனில்லை.

ஓர் உதாரணம். எக்ஸ்சேஞ்சிலிருந்து தோட்ட ஆபீஸ் வரை 5 கிலோமீட்டர், 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கம்பியில் 1020 ஹெர்ட்ஸ் தொனிக்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 டெசிபெல் போகும். ஆக, பூஜ்ஜியம் விட்டால் -7 வர வேண்டும். கம்பியில் இழப்பு ஏறக்குறைய தொனியின் ஹெர்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்பதால் 300 ஹெர்ட்ஸில் -4க்குப் பக்கத்திலும், 3000 ஹெர்ட்ஸில் -12க்குப் பக்கத்திலும் வரலாம். இப்போது இரு முனையிலும் ஆள் நிற்கிறார்கள், பேச்சு கைபேசியில்.

"அண்ணே, டோன் விட்டாச்சா?"

"விட்டாச்சு தம்பி. 1020, பூஜ்ஜியம். எவ்வளவு வருது?"

"-10, அண்ணே."

"டெர்ம்லதான வச்சிருக்க? ஆபீஸ் போனைக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன். டெர்ம்தான்."

"சரி, 300 விடறேன், பாரு."

"-5.5."

"இப்ப 3000."

"-17 அண்ணே."

பேசி முடிப்பதற்குள் அண்ணனுக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். எதிர்பார்த்ததைவிட 300-இல் இழப்பு ஒன்றரை கூடியிருக்கிறது, 1020-இல் 3, 3000-இல் 5. மேலே போகப் போக இந்தக் கூடுதல் இழப்பும் பெருகுகிறது என்றால் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். அருகருகே ஓடும் இரண்டு கம்பிகளும் நடுவிலுள்ள உறையும் சேர்ந்து ஒரு நீளமான கெபாசிட்டர். நடுவில் இருக்கும் பொருள் கெபாசிட்டரின் மின்னூட்டம் தேக்கும் திறனை எத்தனை மடங்காக்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு: பாலிஎத்திலீன் உறைக்கு 2.3 அளவு, தண்ணீருக்கோ 80. உறைக்கு வெளியே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் ஊறினால் அந்தத் திறன், அதாவது கெபாசிட்டன்ஸ், ஏறும், மேல் தொனிகள் கம்பிக்குக் கம்பி தாண்டி வழியிலேயே வீணாகும். ச, ஷ, ஃப போன்ற ஒலிகள் முதலில் மங்குவது அதனால்தான். அங்கே பேசுகிறவர் எவ்வளவு கத்தினாலும் இங்கே சொல் பிடிபடாது.

மூன்று தொனிக்கும் ஒரே அளவு, உதாரணமாக 3.5, கூடுதலாகக் குறைந்திருந்தால் கதை வேறு. எங்கோ ஒரு ஜாயிண்ட் பச்சை பூத்துப்போய் 600 ஓம் தடையாக நிற்கிறது என்று அர்த்தம். சாதாரண மல்டிமீட்டராலும் இதைச் சரிபார்க்கலாம். நல்ல 5 கிலோமீட்டர் ஜோடி, போக வரச் சேர்த்து 840 ஓம் காட்ட வேண்டும். ஜாயிண்ட் கெட்டால் ஓம் ஏறும்; தண்ணீர் மட்டும் என்றால் ஓம் பெரிதாக மாறாது.

கம்பியைத் தண்ணீரிலிருந்து காப்பது டெலிபோனைவிடப் பழைய சிக்கல். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை தேடியபோது உலகத்துக்குக் கைகொடுத்தது இந்த மலாயா மண்ணில் வளர்ந்த மரம்தான். நாம் சீவும் ரப்பர் அல்ல, கட்டா பெர்ச்சா. 1851இல் ஆங்கிலக் கால்வாயிலும் 1866இல் அட்லாண்டிக்கிலும் போட்ட கம்பிகளுக்கு அந்த மரத்துப் பால்தான் உறை.

அளவு சரியாக இருந்தும் புகார் நிற்கவில்லையா? அப்போது இரைச்சலை அளக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் முனையில் தொனியை நிறுத்தி 600 ஓம் மட்டும் மாட்டிவிட்டு, தோட்ட முனையில் என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதால், பெட்டி ஒரு வடிகட்டியைப் போட்டுக்கொள்ளும். மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸை அது 60 டெசிபெலுக்கு மேல் அமுக்கிவிடும். நமக்கு எரிச்சல் தருவது அதன் மடங்குகளான மேல் தொனிகள்தான். முறுக்கிய ஜோடியில் இரண்டு கம்பிக்கும் ஒரே அளவு இரைச்சல் ஏறினால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு கம்பி மட்டும் ஈர மண்ணுக்குக் கசிந்தால் சமநிலை போய், மிச்சம் காதில் விழும்.

நீண்ட லைன்களில் இன்னொன்றும் சந்திக்கலாம். 1.83 கிலோமீட்டருக்கு ஒன்றாக 88 மில்லிஹென்றி சுருள்களைப் போட்டுக் குரலின் இழப்பைப் பாதியளவுக்குக் குறைப்பது பழைய முறை. மீட்டரில் 3000 வரை சமமாக வந்து, அதற்கு மேல் திடீரென்று விழுந்தால் சுருள் இருக்கிறது. குரலுக்கு நல்லது, செப்புக் கம்பி வழியாக வந்த ஸ்ட்ரீமிக்ஸ் போன்ற பழைய இணையச் சேவைக்கு ஆகாது.

கோளாறு உண்டு என்று தெரிந்தபின் இடம் கண்டுபிடிக்க வேண்டும். பாதி வழியில் உள்ள சாலையோர கேபினெட்டில் தோட்டப் பக்கத்தைப் பிரித்துவிட்டு, எக்ஸ்சேஞ்ச் பக்கத்தை டெர்மில் அளப்பார்கள். அங்கே சரியாக வந்தால் தண்ணீர் இருப்பது தோட்டப் பக்கப் பாதியில். இடி முழங்கினால் கிளிப்பைக் கழற்றிவிட்டு விலகிவிட வேண்டும். இதில் சமரசமே கூடாது. தொலைவில் விழும் மின்னலும் கம்பி வழியாகக் கைக்கு வரும்.

இப்போது பல இடங்களில் செப்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை வருகிறது. மீட்டர் மாறினாலும் அலகு அதே டிபிஎம்தான், பூஜ்ஜியம் அதே ஒரு மில்லிவாட், இம்முறை ஒளியில். 5 கிலோமீட்டர் இழையில் 1490 நானோமீட்டர் ஒளி இழப்பது 2 டெசிபெல்கூட இல்லை. 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்தான் 15க்கு மேல் எடுத்துக்கொள்ளும். வீட்டில் இழை வந்து சேரும் பெட்டி வழக்கமாக -27 வரை தாங்கும். மீட்டர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் காட்டினால், முதலில் கனெக்டரின் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்கிறார்கள்.