குறுக்கீட்டுமானி: சொல் விளக்கம்

அலைகளை ஒன்றுசேர்த்து, அதில் உண்டாகும் விளைவைக் கொண்டு அளக்கும் கருவியே குறுக்கீட்டுமானி, ஆங்கிலத்தில் இன்டர்ஃபெரோமீட்டர். அந்த ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி, 'இடையே' எனப் பொருள்படும் 'இன்டர்', 'அடித்தல்' எனப் பொருள்படும் 'ஃபெரீரே' என்னும் இலத்தீன் சொற்கள் கூடிப் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நடக்கும் குதிரையின் ஒரு கால் மறுகாலில் இடித்துக்கொள்வதையே 'இன்டர்ஃபியர்' என்னும் அச்சொல் ஆங்கிலத்தில் தொடக்கத்தில் குறித்தது. ஒளியலைகள் ஒன்றோடொன்று கலப்பதற்கு அதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தாண்டவர் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங். பிற்பகுதியான 'மெட்ரான்', அளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

இக்கருவியின் அருமை விண்மீன்களின் அகலத்தை அளக்கும்போதுதான் விளங்கும். தொலைநோக்கியில் தெரியும் விண்மீனின் வட்டம், காற்றின் சலனத்தாலும் ஒளியின் அலைத்தன்மையாலும் விரிந்த பொய்வட்டமே. அது உண்மை வட்டத்தைவிடப் பல மடங்கு பெரியது. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 1920 டிசம்பரில் இயற்பியலாளர் மைக்கேல்சனும் வானியலாளர் பீஸும் 100 அங்குலத் தொலைநோக்கியின் முகப்பில் 20 அடி நீளச் சட்டத்தைப் பொருத்தி, அதில் நகரும் இரு கண்ணாடிகள் வழியே திருவாதிரையின் ஒளியை உள்ளே கொண்டுவந்து ஒன்றுசேர்த்தனர். சேர்ந்த ஒளியில் வெளிச்சமும் இருளும் மாறிமாறி வரும் வரிகள் தோன்றின. கண்ணாடிகளை விலக்க விலக்க, விண்மீன் வட்டத்தின் ஒரு பகுதி உண்டாக்கும் இருள்வரிகளின்மேல் இன்னொரு பகுதியின் ஒளிவரிகள் வந்து விழுந்ததால், வரிகள் மங்கி, ஏறத்தாழ 10 அடி இடைவெளியில் மறைந்தே போயின. அந்த இடைவெளியிலிருந்தும் ஒளியின் அலைநீளத்திலிருந்தும் கணக்கிட்டபோது கிடைத்த கோணவிட்டம், அதாவது வானில் விண்மீன் காட்டும் அகலம், 0.047 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு), வானில் சூரியன் காட்டும் அகலத்தில் இது ஏறத்தாழ 40,000இல் ஒரு பங்கு!

கோணவிட்டத்தை மெய்விட்டமாக மாற்ற விண்மீனின் தொலைவு தெரியவேண்டும். அதில் நேரும் பிழை விட்டத்திலும் அப்படியே ஏறும். போதாக்குறைக்கு, திருவாதிரை போன்ற செம்பெருமீன்களுக்குத் தெளிவான விளிம்பு இல்லாததால், அளக்கும் அலைநீளம் மாறினால் விட்டமும் மாறுகிறது.

தமிழில் 'குறுக்கீட்டுமானி' வழங்குகிறது. குறுக்கீடு என்றதும் நமக்குத் தடை நினைவுக்கு வரும். ஆனால் இங்கே அலைகள் ஒன்றையொன்று தடுப்பதில்லை, கூடுமிடத்தில் வலுக்கின்றன அல்லது அழிகின்றன. இந்தக் கருவி அளப்பதும் குறுக்கீட்டையன்று. குறுக்கீட்டைக் கொண்டு வேறொன்றை அளக்கிறது. எனினும் பாடநூல்களில் 'குறுக்கீட்டு விளைவு' வேரூன்றிவிட்டதால், புதுச்சொல் தேடுவதைவிட இதையே ஆள்வது தகும் என்பது என் கருத்து. கால-வெளியில் பரவும் அலையான ஈர்ப்பலையை 2015இல் முதன்முதலாக உணர்ந்த அமெரிக்காவின் லைகோ கருவியும் ஒரு குறுக்கீட்டுமானியே என்பதால், மைக்கேல்சன் ஆண்ட கருவியை 'விண்மீன் குறுக்கீட்டுமானி' என்று அடைகொடுத்து எழுதவேண்டும்.