சேவைநாடி

சமூகப்பணித் தகுதித் தேர்வுக்கு ஆங்கிலக் கைந்நூல்களைக் கொண்டு ஆயத்தமாகும் மாணவர் முதற் பக்கங்களிலேயே எதிர்கொள்ளும் சொல் ‘கிளையன்ற்’ (client), அதாவது சமூகப்பணியாளரின் சேவையைப் பெறுபவர். வன்னியில் வளர்ந்தவர் அதற்கு ஈடாக உடனே எழுதுவது ‘பயனாளி’ என்பதாகவே இருக்கும். 2009க்குப் பின்னர் செட்டிகுளம் முகாம்களிலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு வீட்டுத்திட்டம், மலசலகூடம், வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு என எது வந்தாலும் அது ‘பயனாளிகள் தெரிவு’ என்ற தலைப்பின் கீழேயே வந்தது. ஆயினும் இவ்விரு சொற்களும் ஒன்றல்ல.

கிளையன்ற் என்பதன் மூலம் ‘கிளியென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதனைக் கேட்டு நடத்தல் என்ற பொருளுடைய வினையோடு தொடர்புபடுத்துவோரும் சாய்ந்திருத்தல் என்ற வினையோடு தொடர்புபடுத்துவோரும் உளர். பண்டைய உரோமில் செல்வாக்குள்ள ஒருவரின் காப்பில் வாழ்ந்து, காலையில் அவர் வாசலுக்குச் சென்று வணங்கி, உணவோ சிறு பணமோ பெற்றுத் திரும்பியவரையே அச்சொல் குறித்தது. பின்னர் அது வழக்கறிஞரின் கட்சிக்காரரைக் குறிக்கலாயிற்று. தன் அலுவலுக்குத் தொழில்வல்லார் ஒருவரைத் தானே அமர்த்துபவர் என்ற நிலைக்கு உயர்ந்தது. ‘நோயாளி’ என்பதைத் தவிர்த்து, உளவளத்துணை (கவுன்சிலிங்) துறையில் 1940களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் இச்சொல்லைப் பரவச் செய்ததும் அந்த உயர்வைக் கருதியே. பயனாளி என்னும் சொல்லோ உதவி பெறுபவரை மீண்டும் உரோம வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. பயனை ஆள்பவர் எனப் பிரித்துப் பொருள் சொல்லலாம். நடைமுறையில் ஆள்பவர் பட்டியல் எழுதுபவரே.

ஆகவே, இலங்கைச் சமூகப்பணிக் கல்வியில் வழங்கும் ‘சேவைநாடி’யே பொருத்தமானது; உளவளத்துணையாளர் ‘துணைநாடி’ என்பர். நாடுதல் என்பதற்குத் தேடுதல், விரும்புதல், ஆராய்தல் என்னும் பொருள்கள் உண்டு. ‘நோய்நாடி’ எனத் தொடங்கும் குறளில் நாடுபவர் மருத்துவர். இங்கே நாடுபவர் உதவி வேண்டி வருபவர். (கையில் பார்க்கும் நாடி வேறு சொல்.)

தேர்வு எழுதுவோர் இடறக்கூடிய ஓரிடம், சேவைநாடி என்பவர் எப்போதும் தனியாள் என்று எண்ணுவது. அமெரிக்கத் தேசிய சமூகப்பணியாளர் சங்கத்தின் ஒழுக்கக் கோவை தனியாள், குடும்பம், குழு, அமைப்பு, சமுதாயம் ஆகிய அனைத்தையும் இச்சொல்லுள் அடக்குகிறது. அவ்வகையில் இரணைமடுக் குளத்து நீரைப் பகிரும் கமக்காரர் அமைப்பு ஒன்றும் சேவைநாடியே.

மற்றைய இடர் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நீதிமன்றக் கட்டளையின் பேரில் நன்னடத்தை அலுவலர் முன் வந்து அமரும் தந்தை எதையும் நாடி வந்தவரல்லர். ‘விருப்பின்றி வந்த சேவைநாடி’ என்பது சொல்லளவில் முரணாகத் தோன்றினாலும், தேர்வு வினாக்கள் பெரிதும் விரும்புவது இவரைத்தான். நாடி வராதவருக்குத் தன்னிர்ணயம் (தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை) இல்லை என்று விடை எழுதினால் அது பிழை. அவருக்கும் அது உண்டு, வரையறைக்கு உட்பட்டதாக. மேற்சொன்ன ஒழுக்கக் கோவையின்படி, வழங்கப்படும் சேவையின் தன்மையையும் அளவையும், அதனை மறுப்பதற்கு அவருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதையும் அந்தத் தந்தைக்குச் சமூகப்பணியாளர் எடுத்துச் சொல்ல வேண்டும்.