டோபமைனைக் குறைக்க மாத்திரை கேட்காதீர்கள்

"டாக்டர், இவனுக்கு டோபமைன் ஜாஸ்தியாயிடுச்சு. குறைக்கறதுக்கு ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்க."

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. கேட்டவர் பதினாறு வயதுப் பையனின் அப்பா. மகன் எந்நேரமும் போனில் கேம் ஆடுவதற்கு டோபமைன்தான் காரணம் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தார். மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு கெமிக்கல்தான் டோபமைன். பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். போனைப் பிடுங்கிவைத்திருந்தார்கள். ஆனாலும் அவனுடைய வலது கட்டைவிரல் பேன்ட் துணிமேல் இல்லாத திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

முதலில் மாத்திரை விஷயம். டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கிறோம். அவற்றால் கை நடுங்கலாம், உடம்பு விறைத்துப்போகலாம். கேமை நிறுத்துவதற்காகவா அதைக் கொடுப்பது? அப்புறம் இந்த 'டோபமைன் டீடாக்ஸ்', அதாவது போன், கேம் எல்லாவற்றையும் சில நாள் விட்டு டோபமைனை வெளியேற்றுவது என்கிற பேச்சு. டோபமைன் கழுவி வெளியேற்ற வேண்டிய விஷம் இல்லை ஐயா. மூளையின் ஒரு பகுதியில் அதைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவதுதான் பார்க்கின்சன் நோய். அந்த நோயாளி சட்டைப் பட்டன் போடப் படும் பாட்டை ஒருமுறை பார்த்தால் டோபமைனைத் திட்ட மனசு வராது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது வேறொன்று: "டோபமைன்னா சந்தோஷம் தர்ற கெமிக்கல்தானே?" இல்லை. கென்ட் பெரிட்ஜ் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய இல்லாமலே செய்து பார்த்தார். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அவை வழக்கம்போல் ரசித்து நக்கின. ஆனால் கண்ணெதிரே இருந்த உணவைத் தாமாகப் போய்ச் சாப்பிடவில்லை. ருசி இருந்தது, நாட்டம் போய்விட்டது. டோபமைன் அந்த நாட்டத்துக்கான கெமிக்கல். 'இதோ வரப்போகுது, விடாதே' என்று பிடரியைப் பிடித்துத் தள்ளுவது அது.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானியின் குரங்கு ஆய்வுகள் இன்னும் சுவாரசியம். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் ஓர் அடையாளம் வரும் என்று பழகியதும், துடிப்பு அடையாளத்துக்கு மாறிவிட்டது; சாறு வந்தபோது சலனமே இல்லை. வரவேண்டிய சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. கேமில் பரிசுப்பெட்டி திறக்கும் முன் மினுமினுத்து ஆடுகிறதே, எதற்கு என்று இப்போது புரிகிறதா? உள்ளே என்ன இருக்கும் என்பது நிச்சயமில்லாத வரைக்கும் அது அலுக்காது. சூதாட்ட மெஷினும் இதே வித்தைதான். பார்க்கின்சனுக்கு டோபமைன் ஏற்பிகளை (செல்களில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களை) தூண்டும் மருந்து எடுப்பவர்களில் சிலர், அதுவரை சீட்டைத் தொடாதவர்கள்கூட, திடீரென்று சூதாடத் தொடங்குவதுண்டு. அதனால் அந்த மருந்தைத் தொடங்கும்போதே குடும்பத்தாரை எச்சரித்துவிடுகிறோம்.

1998-ல் லண்டனில் எட்டுப் பேரை வீடியோ கேம் ஆடவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். டோபமைன் சுரப்பது தெரிந்தது. அதைக் காட்டி "பார்த்தீங்களா, போதை!" என்கிறார்கள். அவர்கள் எட்டுப் பேரும் நோயில்லாதவர்கள். டோபமைன் சுரப்பது நோயல்ல.

எது நோய்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கேம் ஆட்டக் கோளாறும் ஒரு நோய். அதற்கான அடையாளங்கள் இவை: ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முந்துவது, கெடுதல் வந்தும் தொடர்வது. இவை வழக்கமாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையோ உறவையோ பெரிதாகப் பாதித்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இல்லை. லீவு நாளில் ஐந்து மணி நேரம் ஆடிய பிள்ளையை அழைத்து வராதீர்கள்.

போனைத் தரையில் அடிக்காதீர்கள். ஆட்டத்தின் நடுவில் வைஃபையை அணைக்காதீர்கள். அன்று இரவு சண்டைதான் மிச்சம். எந்த ஆட்டத்தோடு நிறுத்துவது என்று முன்னாலேயே பேசிவையுங்கள். நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், 'இன்னும் இரண்டு மணி நேரத்தில் பரிசு' என்று கூப்பிடுவதே அதுதான். கேமில் பணம் கட்டப் பதிந்துவைத்த பேங்க் கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்கள் போனும் சேர்த்துத்தான். தயவுசெய்து, தூக்கம், மனச்சோர்வு, கவனக்குறைபாடு, பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா என்பதையும் கவனிக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு கேம் ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கிறது.

அந்தப் பையனிடம், "கேம் ஆடும்போது கடைசியா எப்போ சிரிச்சே?" என்று கேட்டேன். கட்டைவிரல் நின்றது. "போன வருஷம் ஃபிரெண்ட்ஸ்கூட ஆடினப்போ. இப்ப போரடிக்குது டாக்டர். ஆனா விட முடியலை."

அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். மாத்திரையைப் பற்றி அதற்கப்புறம் கேட்கவில்லை.