‘பெரிய டச்சி’ அன்று, பெருங்கோமகன் நாடு

தென்மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரைப் பற்றிய தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘பாடன் பெரிய டச்சியின் தலைநகரம்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அதைப் படித்த மாணவி ஒருவர், அந்நகரம் முன்பு ஒல்லாந்தர் கையில் இருந்ததா என்று என்னிடம் கேட்டார். பிழை அவருடையதன்று. பழவேற்காட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரரையே தமிழர் அறிவர். ‘டச்சி’ அந்தச் சொல்லின் திரிபாகத்தான் காதில் விழும்.

டியூக் என்ற பட்டமுடையவர் ஆளும் நாடே ஆங்கிலத்தில் ‘டச்சி’. ‘பெரிய டச்சி’ என்பது ‘கிராண்ட் டச்சி’ என்னும் ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. அதன் ஜெர்மன் மூலச்சொல் ‘குரோஸ்ஹெர்ட்சோக்டூம்’. ‘ஹெர்ட்சோக்’ என்றால் படையை நடத்திச் செல்பவன் என்பது பழம்பொருள். ஆங்கில ‘டியூக்’, தலைவன் எனப் பொருள்படும் இலத்தீன் ‘டுக்ஸ்’ பிரெஞ்சு வழியாக வந்த வடிவம். ‘குரோஸ்’ என்பது ‘பெரு’ என்னும் அடை. அது சேர்ந்த பட்டம் மன்னனுக்குக் கீழும் ஹெர்ட்சோகுக்கு மேலும் உள்ள படிநிலையைக் குறிக்கும். பாடன் நாட்டை ஆண்ட கார்ல் ஃபிரீட்ரிஷ் 1806இல் நெப்போலியன் அமைத்த ரைன் கூட்டமைப்பில் சேர்ந்து அதைப் பெற்றார்.

பெருமை இங்கே ஆளுபவரின் பட்டத்துக்கு உரியது, நிலத்துக்கு உரியதன்று. ‘பெரிய டச்சி’ என்றதும் வாசகர் பரப்பளவை நினைக்கிறார். மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் 3,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நாடு. ஆயினும் 1815இல் பாடனுக்கு இணையான அதே பட்டத்தைப் பெற்றது. அதையும் ‘பெரிய’ என்று எழுதினால் வரைபடத்தைப் பார்ப்பவர் எதை நம்புவார்?

இதற்கு மாற்றாகச் சிலர் ‘மாபெரும் இளவரசு’ என்று எழுதுகிறார்கள். தமிழ்ச் சொல்தானே என்று நானும் சில காலம் பொறுத்திருந்தேன். ஆனால் இது முன்னதைவிடக் கெடுதலானது. இளவரசர் என்பவர் பட்டத்துக்குக் காத்திருப்பவர். கார்ல் ஃபிரீட்ரிஷோ 1738 முதல் 1811 வரை நாட்டின் தலைமையில் இருந்து, 82ஆம் வயதில் மறைந்தவர். அவரை இளவரசர் என்றால், பட்டத்துக்குரிய வாரிசை எந்தச் சொல்லால் குறிப்பது? குழப்பத்தின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஃபின்லாந்து, லித்துவேனியா ஆகியவற்றின் ஆட்சியாளருக்கு ஜெர்மானியர் ‘குரோஸ்ஃபூர்ஸ்ட்’ என்ற வேறு பட்டத்தை வழங்க (‘ஃபூர்ஸ்ட்’ ஆங்கிலத்தில் ‘பிரின்ஸ்’ ஆகும்), ஆங்கிலம் அதையும் பாடனின் பட்டத்தையும் ‘கிராண்ட் டியூக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. ஜெர்மன் மொழி வரலாற்றையும் ஆங்கிலத்தின் வழியாகவே பெயர்க்கும் நம் வழக்கம், மூலத்தில் இல்லாத மயக்கத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறது. பட்டப்பெயர் ஒன்றுக்காக மூலமொழி அகராதியைத் திறக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

டியூக்கைக் கோமகன் என்று சொல்லும் வழக்கம் தமிழில் ஏற்கெனவே உண்டு. எனவே ‘பெருங்கோமகன்’ என்பதும், அவருடைய ஆட்சிப்பகுதிக்குப் ‘பெருங்கோமகன் நாடு’ என்பதும் பொருந்தும். கோமகன் என்றாலும் அரசன் மகன் என்றுதானே பொருள் என்று கேட்கலாம். சொற்பொருள் அப்படி இருந்தாலும், அரசன், தலைவன் என்ற பொருளிலும் அது வழங்கியிருக்கிறது; வயதும் வாரிசுரிமையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ‘பெருவேள்’ என்ற வடிவும் எனக்குப் பிடித்தமானதே. வேந்தருக்கு அடுத்த நிலையில் வேளிர் இருந்தனர் என்பது அதற்கு வலு. ஆனால் கோமகன் புழங்கிவிட்ட பின் அதே படிநிலைக்கு இன்னொரு சொற்குடும்பத்தைத் தொடங்குவது படிப்பவருக்குச் சுமை. மேலும், பெருங்கோமகன் நாடு என்பது பெருங்கோமகனது நாடு என விரியும் ஆறாம் வேற்றுமைத்தொகை. ‘பெரு’ என்னும் அடை கோமகனோடு புணர்ந்து நின்றுவிடுவதால், அது நாட்டின்மேல் தாவ வழியில்லை.

‘தலைநகரம்’ என்பதிலும் ஒரு திருத்தம் வேண்டும். கார்ல்ஸ்ரூஹேயில் 1715இல் அப்போதைய ஆட்சியாளர் கார்ல் வில்ஹெல்ம் முதலில் நிறுவியது அரண்மனையை. அதன் கோபுரத்திலிருந்து 32 வழிகள் விசிறிபோல் விரிய, நகரம் அதன் தென்புறத்தில் வளர்ந்தது. ஜெர்மானியர் இத்தகைய ஊரை ‘ரெசிடென்ஸ்’, அதாவது ஆளுபவர் தங்கி ஆளும் இடம், என்பர். தமிழில் ‘அரசிருக்கை’ என்னும் சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. 1918 நவம்பரில் பாடனின் கடைசிப் பெருங்கோமகன் இரண்டாம் ஃபிரீட்ரிஷ் பட்டம் துறந்ததும் கார்ல்ஸ்ரூஹே அரசிருக்கை என்ற நிலையை இழந்தது. பாடன் குடியரசின் தலைநகராக அது நீடித்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் அந்த ஆண்டில் என்ன மாறியது என்பதைத் தமிழில் எழுதவே முடியாது.